மைனர் பிரேக்: நாலு சுற்று ஏர் எடுத்தும் முதல் மிதிக்குப் பெடல் கீழே போகிறது

ஓட்டைமைனர்:

வணக்கம். வண்டி 1963 மோரிஸ் மைனர், 1098 சிசி, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிப்பது), முன்னால் 8 அங்குலம். ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் முன் வீல் சிலிண்டர்கள் கசிந்தன. சக்கரத்துக்கு இரண்டு, ஆக நான்கையும் மாற்றினேன். முன்பக்க ரப்பர் ஹோஸ் இரண்டும் புதுசு. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை. அது இருக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்: டிரைவர் காலடியில், சேஸிஸ் சட்டத்துக்குள். கார்ப்பெட்டைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, மண்ணைத் துடைத்த பிறகுதான் ஆயில் மூடியே கண்ணில் படும்.

அதற்கப்புறம் நாலு சுற்று ஏர் எடுத்தாயிற்று, அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியே விட்டாயிற்று. பெடலில் என் மகள், காற்றை வெளியே விடச் சக்கரத்தில் இருக்கும் திருகான நிப்பிளில் நான். நிப்பிளில் ஒரு டியூப், டியூப் முனை ஒரு காலி டப்பாவுக்குள். மிதி, பிடி, விடு என்று தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். முதல் சுற்றில் நுரையாகக் கொட்டியது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் முதல் மிதிக்கு மட்டும் இரண்டு குமிழ் வருகிறது, அப்புறம் சுத்தமான ஆயில்தான். ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் காலி.

ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடுகிற அளவுக்குப் போகிறது. விட்ட உடனே மறுபடி மிதித்தால் பாதியிலேயே கல் மாதிரி நிற்கிறது. அரை நிமிடம் விட்டு மிதித்தால் பழைய கதை. கசிவு இல்லை, டிரம் பின்தட்டு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டேன்.

காற்று எங்கே ஒளிந்திருக்கிறது? ஐந்தாவது சுற்றுக்குக் கூப்பிட்டால் மகள் வரமாட்டாள் போலிருக்கிறது.

ஞாயிறுமெக்கானிக்:

ராத்திரி பெடலை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து விட்டுவிடுங்கள். காலையில் காற்று தானாக மேலே ஏறிப் போயிருக்கும். என் வண்டியில் இரண்டு தடவை பலித்தது.

கிரீஸ்கை:

நிப்பிளை இனிமேல் தொடாதீர்கள், முதலில் ஷூவைப் பாருங்கள்.

காற்று இருந்தாலும் பம்ப் பண்ணினால் பெடல் ஏறும்தான். ஆனால் ஏறி நின்ற இடத்தில் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கும். உங்களுக்குக் கல் மாதிரி நிற்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பங்கு காற்று இல்லை, டிரம்முக்கும் ஷூ மேல் இருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. முதல் மிதியில் தள்ளிய ஆயில் முழுக்க ஷூவை டிரம் வரை கொண்டுபோவதிலேயே செலவாகிவிடுகிறது. பெடலைச் சட்டென்று விட்டால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் வேகமாகத் திரும்பும், ஷூ அந்த வேகத்தில் திரும்பாது. அந்த இடைவெளியை நிரப்பத் தொட்டியிலிருந்து கொஞ்சம் ஆயில் பிஸ்டன் முன்னால் இருக்கும் ரப்பரான பக்கெட் வாஷரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதனால்தான் இரண்டாவது மிதிக்குப் பெடல் மேலேயே பிடிக்கிறது. அரை நிமிடம் விட்டால் அதிகப்படி ஆயில் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரு சின்னத் துவாரம் வழியாகத் தொட்டிக்கே போய்விடும். நீங்கள் எழுதியது அச்சு அசல் இதுதான்.

சிலிண்டர் மாற்றும்போது டிரம் கழல வேண்டுமென்று ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தியிருப்பீர்கள். திரும்ப ஏற்றினீர்களா? முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், ஷூவுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு இன்னொன்றை மறந்தவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் உள்ள துளை அட்ஜஸ்டருக்கு நேராக வரும்வரை சுற்றி, ஸ்குரூ டிரைவரால் டிரம் பூட்டிக்கொள்ளும் வரை ஏற்றுங்கள். இப்போதைக்குத் தளர்த்த வேண்டாம். பின் சக்கரங்களையும் அப்படியே பூட்டிவிட்டு, போய்ப் பெடலை மிதியுங்கள். உயரத்திலேயே கெட்டியாக நின்றால் குழாயில் காற்று இல்லை. அப்போதும் அமுங்கினால் மட்டும் ஏர் எடுங்கள், ஷூ பூட்டிய நிலையிலேயே. பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் சிலிண்டருக்குள் காற்று தங்க இடம் குறைவு.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் ஒரு கிளிக் தளர்த்தி, பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்து, டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் வந்தால் போகட்டும், இழுக்கக் கூடாது.

பெடல் கீழே போகிறதே என்று, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை மட்டும் நீட்டிவிடாதீர்கள். பெடலில் கொஞ்சம் வெற்றாட்டம் இருந்தே ஆகவேண்டும். அது போனால் நான் சொன்ன சின்னத் துவாரம் மூடியே கிடக்கும், ஆயில் சூடாகி விரியும்போது திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும்.

தூசிதட்டி:

ஷூ விஷயத்தில் கிரீஸ்கை அண்ணன் சொன்னதுதான் சரி. கட்டை முட்டுக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பெடல் அழுந்தியிருந்தால் பிஸ்டன் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் போய்விடும், தொட்டிக்குப் போகிற வழியே அடைபட்டிருக்கும். காற்று ஏறி எங்கே போகும்? அழுத்தத்தில் குமிழ் சுருங்கும், கொஞ்சம் ஆயிலில் கரையவும் கரையும். காலையில் பெடல் நன்றாக இருப்பது போல் தெரிவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நிப்பிளைத் திறந்து தானாக ஒழுகவிடும் முறையும் மைனருக்கு ஒத்துவராது. மற்ற கார்களில் தொட்டி பானெட்டுக்குள் உயரத்தில் இருக்கும். இதில் தரைக்கு அடியில். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே நிப்பிள் தொட்டிக்கு மேலே போய்விடும், ஆயில் எப்படி ஒழுகும்?

எனக்கு உறுத்துவது அந்த இரண்டு குமிழ். மூடிக்கிடக்கிற அமைப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக இரண்டு குமிழ் எங்கிருந்து வரும்? முந்தின சுற்று முடியும்போது உள்ளே போனவை அவை. டியூப் முனை காலி டப்பாவில் காற்றில் தொங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிப்பிள் மூடும் முன் பெடல் மேலே வந்தால் நேராக உறிஞ்சிவிடும். கண்ணாடி பாட்டிலில் இரண்டு விரல்கடை ஆயில் ஊற்றி, முனையை அதற்குள் மூழ்க வையுங்கள்.

இன்னொன்று. மாஸ்டர் சிலிண்டர் பழசு என்கிறீர்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத பகுதியில் துரு படிந்திருக்கலாம். தரைவரை மிதிக்க மிதிக்க பக்கெட் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். வாஷர் போய்விட்டால் மாஸ்டர் சிலிண்டரை இறக்கவேண்டும், அதன் போல்ட்டை உருவ விடாமல் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்த வேலை ஒருமுறை பார்த்தவன் சொல்கிறேன்.

ஓட்டைமைனர்:

மானம் போகிற செய்தி முதலில். முன் இடது சக்கரத்தில் ஒரு அட்ஜஸ்டர் அப்படியே முழுத் தளர்வில் கிடந்தது. வலது பக்கம் இரண்டுமே.

எல்லாவற்றையும் பூட்டி மிதித்தேன். பெடல் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் லேசாக ஒரு மெத்துமெத்து. சரி, குமிழ் விஷயமும் உண்மைதான் என்று மகளைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

இந்தத் தடவை கண்ணாடி பாட்டில். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. இரண்டாவது சக்கரத்தில், நான் நிப்பிளைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் இருந்த ஆயில் டியூபில் மேலே ஏறியது. "ஏன் காலை எடுத்தே?" என்றேன். "நீங்கதானேப்பா சரின்னு சொன்னீங்க" என்றாள்.

நான்கு சுற்றிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஆயில் வரத்து நின்றதும் என் வாயில் தன்னையறியாமல் ஒரு "சரி" வரும். நிப்பிளை மூடப் போகிறேன் என்று எனக்கு அர்த்தம். காலை எடு என்று அவளுக்கு அர்த்தம். அதன்பின் "சரி" என்ற சொல்லையே தடைசெய்துவிட்டு, "மூடியாச்சு" என்று நான் சொல்லி, அவளும் திருப்பிச் சொன்ன பிறகுதான் காலை எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். நாலு சக்கரமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

பெடல் இப்போது முதல் மிதியிலேயே உயரத்தில் நிற்கிறது. மட்கார்டில் கொஞ்சம் ஆயில் சிந்திவிட்டது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், பெயின்ட் தப்பித்தது என்று நினைக்கிறேன். பாட்டிலில் சேர்ந்த ஆயில் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, திரும்பத் தொட்டியில் ஊற்றலாமா?

கிரீஸ்கை:

ஊற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிக்குமிழ் இருக்கும், திறந்து வைத்ததில் ஈரமும் இழுத்திருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். மூடி திறந்து கிடக்கிற பழைய டின்னையும் சேர்த்துக் கழித்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு ஒரே சர்க்யூட், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழி. எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரமும் போச்சு. முதலில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள், பெடல் மெல்ல இறங்குகிறதா பாருங்கள். இறங்கவில்லையென்றால் காலி இடத்தில் நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில் இருக்கட்டும்.

ஓட்டைமைனர்:

ஒரு நிமிடம் பிடித்தேன், இறங்கவில்லை. நேர்கோட்டில் நிற்கிறது, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. மறுநாள் காலையில் நிப்பிள் நான்கையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தன. ரப்பர் மூடிகள் மூன்றுதான் இருக்கின்றன, நாலாவது எங்கே உருண்டு போனதோ, தேடிக்கொண்டிருக்கிறேன்.