இன்சுலின் மறுத்த நோயாளியை மருத்துவர் விலக்கலாமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 68. மாத்திரையால் சர்க்கரை கட்டுப்படாததால் இன்சுலின் போடச் சொன்ன மருத்துவர், அவர் மூன்றாவது முறையும் மறுத்ததும், "இனி வேறு யாரிடமாவது காட்டிக்கொள்ளுங்கள்" என்று மருத்துவக் கோப்பைக் கொடுத்துவிட்டார். ஒன்பது ஆண்டுப் பழக்கம். இது முறையா?

பதில் 1:
2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகளின்படி, அவசர நிலை தவிர, யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதை மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட நோயாளியை, அவருக்கும் குடும்பத்தினருக்கும் போதிய முன்னறிவிப்புத் தராமல் கைவிடக் கூடாது. கோப்பைக் கையில் திணிப்பது முன்னறிவிப்பாகாது.

பதில் 2:
அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், தடுப்பூசி மறுக்கும் குடும்பங்களை விலக்குவதைத் தவிர்க்குமாறு 2005இல் சொல்லிவிட்டு, 2016இல் விலக்குவதையும் ஏற்கத்தக்க ஒரு வழியாக ஒப்புக்கொண்டது. தட்டம்மைக் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கக்கூடியது என்பதால், காத்திருப்பு அறையிலுள்ள பிறர் குழந்தைகளையும் அங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் யாருக்கும் தொற்றுவதில்லை. ஆகவே அந்த நியாயம் இங்கே பொருந்தாது.

பதில் 3:
நானும் மருத்துவன்தான். நாளை கால் புண்ணாகி விரலை எடுக்க நேர்ந்தால் பழி நம் மீது விழுமே என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. அதற்கு, விளைவுகளை விளக்கி, மறுப்பைக் கோப்பில் பதிந்து, மாத்திரையால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கலாம். ஏன் மறுக்கிறார் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
இன்றுதான் கேட்டேன். பெரியப்பா இன்சுலின் தொடங்கிய இரண்டே மாதத்தில் இறந்தாராம்.