செடர் மேசையில் சோறு: வைக்கலாமா, கூடாதா?

மேசைக்கணக்கு:
யூதர்களின் பஸ்கா பண்டிகை முதல் இரவு, 20 பேருக்குச் செடர் எனும் சடங்கு விருந்து. ஒரு பக்கம் அஷ்கெனாசி (ஐரோப்பிய யூத வழி) குடும்பம், சம்பந்தி வீட்டார் பாக்தாத் யூத வழி. சம்பந்திகளுக்குச் சோறில்லாத விருந்து விருந்தே இல்லை. இந்தப் பக்கத்தில் பண்டிகை முடியும்வரை அரிசி, பருப்பு, சோளம் எதையும் தொடமாட்டார்கள். ஒரே மேசையில் எப்படிச் சமாளிப்பது? இரு தரப்பும் சொல்லுங்கள்.

உப்புத்தண்ணீர்:
வைக்காதீர்கள். அரிசி ஹமேட்ஸ் (பஸ்காவில் விலக்கிய புளித்த தானியம்) இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கோதுமை, வாற்கோதுமை வகையறா ஐந்து தானியங்கள் தண்ணீர் பட்டுப் புளித்தால்தான் ஹமேட்ஸ். ஆனால் அரிசி, பருப்பை ஒதுக்கும் கிட்னியோத் வழக்கம் சும்மா வரவில்லை. கோதுமைக்குப் பக்கத்து வயல், அதே சாக்கு, மாவாக்கிவிட்டால் அடையாளமே தெரியாது. 20 பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசியாவது வேண்டும். அதை மூன்று தடவை மணிமணியாகப் பார்க்க வேண்டும். வீட்டையே கழுவிக் கவிழ்க்கும் வாரத்தில் இது யாரால் ஆகும்?

பாக்தாத்பானை:
அரிசியில் கல் பொறுக்கிய ஊர்க்காரர்களிடம் இதைக் கேட்கிறீர்களே! வெள்ளைத் துணி, பகல் வெளிச்சம், ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடி. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முடித்துப் பையைக் கட்டி வைத்துவிடலாம். பழுப்பரிசி மட்டும் வேண்டாம், கோதுமை மணி அதில் ஒளிந்துகொள்ளும். களைத்த கண்ணோடு மூன்று சுற்றையும் ஒரே மூச்சில் பார்த்தால்தான் தவறும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் யூதச் சட்டத்தைத் தொகுத்த யோசேப் காரோ அரிசியை அனுமதித்தார். அஷ்கெனாசி வழக்கத்தை அதன்மேல் குறித்தவர் கிராக்கோவின் மோஷே இஸ்ஸர்லெஸ். அவரே, சமையலில் கிட்னியோத் கொஞ்சம் விழுந்தால் பண்டம் கெடாது, வீட்டில் வைத்திருப்பதிலும் தப்பில்லை என்கிறார். அப்படியிருக்க, பக்கத்து இலைச் சோறு உங்களை என்ன செய்யும்? 2015 டிசம்பரில் அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்றே சொல்லிவிட்டது.

உப்புத்தண்ணீர்:
அது அந்தப் பிரிவின் முடிவு. பழைய மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் வீட்டில் செல்லாது. இஸ்ஸர்லெஸ் சொன்னது தெரியாமல் விழுந்ததற்கு. சோற்றுக் கரண்டியைச் சூப்பில் விட்டுக் கலக்குவது வேறு கதை. செடரில் ஆளுக்கு நாலு கோப்பை திராட்சரசத்துக்கு நடுவில் எது யார் கரண்டி என்று யார் பார்ப்பார்?

மேசைக்கணக்கு:
கோப்பையைப் பேசியதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த அளவு 86 மில்லி என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் 20 பேர் × 4 கோப்பை, ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 750 மில்லிப் புட்டி பத்து. பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு. கோப்பை பெரிதானால் கணக்கும் ஏறும், வீட்டில் இருக்கும் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். தலைவர் முன் வைக்கும் மூன்று மாட்சா (புளிக்காத அப்பம்) 20 பேருக்குக் காணாது. ஆளுக்கொரு ஒலிவ அளவு மூன்று தடவை வேண்டும்: முதலில், கசப்புக் கீரையோடு மடித்து, கடைசியில் அபிகோமனாக, அதாவது விருந்தை முடிக்கும் துண்டாக. தனியாக ஒரு தட்டு அடுக்கி வையுங்கள்.

கசப்புக்கு ஹார்ஸ்ரேடிஷ் என்றால் பச்சைக் கிழங்கைத் துருவி மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் காரம் போய்விடும். வினிகரில் ஊறிய புட்டிச் சரக்கு மாரோர் எனும் இந்தக் கசப்புக்கு ஆகாது. ரோமைன் லெட்டூஸ் என்றால் இலை இலையாகப் பூச்சி பார்க்க வேண்டும். அரிசியை விட இதுதான் பெரிய வேலை, ஏனோ இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

பாக்தாத்பானை:
கரண்டிப் பயத்துக்கு வழி இருக்கிறது. சோற்றுப் பானை சாப்பாட்டு மேசையிலேயே வேண்டாம், பக்கத்துச் சிறு மேசையில் மூடியோடு இருக்கட்டும். கரண்டியை நூலால் பானைக் காதில் கட்டிவிடுங்கள். வேண்டியவர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளட்டும். சூப்பும் மாட்சா உருண்டையும் பெரிய மேசையில். உருண்டை கல்லாவது பிசைந்ததும் உருட்டுவதால்தான். முட்டை, எண்ணெய், மாட்சாப் பொடிக் கலவை அரைமணியாவது குளிர்பெட்டியில் ஊறட்டும், வேகும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

உப்புத்தண்ணீர்:
தனி மேசை, கட்டிய கரண்டி: சரி, அந்த மட்டில் விடுகிறேன். ஆனால் நீங்கள் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது, அதில்தான் நிஜச் சிக்கல். சம்பந்தி வீட்டார் அடுப்பில் வாட்டிய ஆட்டுக்கறி கொண்டுவந்தால்? அஷ்கெனாசிகள் இந்த இரவில் சுட்ட இறைச்சி, கோழியானாலும், சாப்பிடுவதில்லை. ஆலயத்தில் பலியிட்ட ஆட்டைச் சுட்டுத் தின்றதுபோல் தோன்றக் கூடாது என்பதால். செடர் தட்டில் இருக்கும் சுட்ட எலும்பை யாரும் தின்னாததும் அதனால்தான். தண்ணீரில்லாமல் சட்டியில் தன் சாற்றிலேயே வேகவைத்ததும் தள்ளுபடி.

பாக்தாத்பானை:
பழைய யூதச் சட்டநூலான மிஷ்னாவிலேயே இது ஊர் வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் இங்கே விட்டுக்கொடுக்கலாம், ருசியில் நஷ்டமில்லை. தோள்கறியைத் துண்டாக்கி, பாதி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தோடு மூடி இரண்டரை மணி நேரம் சிறு தீ. குழம்பாகத்தான் வரும், சோற்றுக்கும் அதுதான் பொருந்தும்.

மேசைக்கணக்கு:
நேரத்தையும் பாருங்கள். இரவு இறங்கியபின்தான் ஆரம்பம், அபிகோமன் நள்ளிரவுக்கு முன். அந்த நள்ளிரவு கடிகாரத்து 12 மணி அல்ல, இரவின் நடுப்பொழுது; எருசலேமில் பஸ்கா நாளில் சுமார் 12.40. ஹகதா (எகிப்து விடுதலைக் கதை) வாசிப்பு இழுத்தால் பிள்ளைகள் பசியில் தூங்கிவிடுவார்கள், மாலையே வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். கறிக்குழம்பு பத்தரைக்குள் மேசைக்கு வரட்டும்.