கை நீட்டாத கணவர்: இதுவும் குடும்ப வன்முறையா?

செங்காங் அண்ணன்:

வணக்கம். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கிவிட்டு எழுதுகிறேன். என் தங்கை பட்டுக்கோட்டையிலிருந்து மணமாகி சிங்கப்பூருக்கு வந்து, நான்கு ஆண்டுகளாக ஈசூனில் கணவரோடு வசிக்கிறாள். நீண்டகால வருகை அனுமதியில்தான் இங்கே இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லை. இதுவரை கை நீட்டியதும் இல்லை. ஆனால், அவள் கடைக்குப் போய்விட்டு வந்தால் ரசீதையும் மீதிச் சில்லறையையும் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டும். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகச் சரிபார்ப்பார். ஒருமுறை 15 காசு குறைந்ததற்காக விடிய விடிய அவளைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டிருக்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசுவதென்றால், அவர் காதில் விழும்படி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேச வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால், "அனுமதியை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறார்.

அவள் முதன்முதலில் இதைச் சொன்னபோது, "அடிக்கவில்லையே, கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்றுதான் நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. இது குடும்ப வன்முறையில் சேருமா? மாப்பிள்ளையிடம் நான் நேரில் பேசலாமா?

குடும்பச் சேவைத் தொண்டூழியர்:

சேரும், தம்பி. சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தில் 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், குடும்ப வன்முறை என்பது உடல்ரீதியான, பாலியல்ரீதியான துன்புறுத்தலோடு மனரீதியான துன்புறுத்தலையும் உள்ளடக்கியது என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஒருவரை மிரட்டுவது, ஓயாமல் வதைப்பது, தன் நலத்துக்கே ஆபத்து வருமோ என்று அவர் அஞ்சும் அளவுக்கு நியாயமின்றி அடக்கி ஆள்வது ஆகியவை அதில் வரும். ரசீதுக் கணக்கைத் தனியாகப் பார்த்தால் சிக்கனம் போலத் தோன்றலாம். தூக்கத்தைக் கெடுக்கும் விசாரணை, ஒட்டுக்கேட்கப்படும் தொலைபேசி உரையாடல், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் உண்மையான உருவம் தெரியும்.

மாப்பிள்ளையிடம் நீங்கள் இப்போது பேச வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. நீங்கள் பேசிவிட்டு செங்காங் திரும்பிவிடுவீர்கள். அன்று இரவு அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவர் உங்கள் தங்கை. தங்கையின் கைப்பேசி கணவரின் கண்காணிப்பில் இருப்பதால், இதுபற்றிக் குறுஞ்செய்தியும் அனுப்பாதீர்கள்.

உங்கள் தங்கை விரும்பினால் குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு, அதாவது துன்புறுத்தக்கூடாது என்று கணவருக்குப் பிறப்பிக்கப்படும் ஆணைக்கு, விண்ணப்பிக்கலாம். இதைப் பற்றி நம் சமூகத்தில் இருக்கும் தவறான எண்ணம் கொஞ்சநஞ்சமல்ல. ஆணை பெற்றால் மணமுறிவு ஆகிவிடும், கணவர் பெயரில் குற்றப்பதிவு ஏறிவிடும் என்றெல்லாம் சொல்லிப் பெண்களைத் தடுத்துவிடுகிறார்கள். இது உரிமையியல் ஆணை. ஆணை பெற்ற பிறகும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆணையை மீறினால்தான் அது குற்றமாகும், அதற்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விண்ணப்பிக்கக் குடியுரிமை தேவையில்லை. அனுமதி ரத்தாகிவிடும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, ஆலோசகரிடம் பேசும் முதல் நாளிலேயே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் திட்டமிடுவார்கள். தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் காவல்துறைக்கு 999. பேச முடியாத நிலையில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

பழைய ஈசூன்வாசி:

அண்ணா, நான் பதினோரு ஆண்டுகள் இப்படி வாழ்ந்தவள். என் வீட்டில் அடியும் இருந்தது. "பாவம், அவருக்குக் கோபம் வந்தால் தன்னிலை மறந்துவிடுவார்" என்று என் மாமியார் சொல்வார், நானும் நம்பினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காவல்துறையை அழைத்துவிட்டார். கதவு தட்டப்பட்ட அந்த நொடியில் என் கூந்தலைப் பிடித்திருந்த கை விலகியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, அமைதியான குரலில் அதிகாரிகளை வரவேற்று, "குடிக்கத் தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார். தன்னிலை மறந்தவரால் ஒரு நொடியில் இப்படி மாற முடியுமா? அலுவலகத்தில் மேலாளர் திட்டும்போது வராத அந்த வெறி, என்னிடம் மட்டும், அதுவும் சேலை மறைக்கும் இடங்களில் மட்டும் இறங்கியது ஏன் என்று அன்றுதான் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

"அவ்வளவு கொடுமை என்றால் விட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்று கேட்காத உறவினர் இல்லை. எங்கே வருவது? வங்கிக் கணக்கு அவர் பெயரில், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு அவர் பெயரில், பிள்ளை தொடக்கநிலை மூன்றில். நான் கிளம்பப்போவதை அவர் மோப்பம் பிடித்த வாரம்தான் எனக்கு மிக ஆபத்தான வாரமாக இருந்தது. அடிக்குப் பிறகு வரும் நல்ல நாட்களும் உண்டு. தேக்காவுக்கு அழைத்துப்போய் மல்லிகைப் பூ வாங்கித் தருவார், அழுவார். அந்த நாட்களை நம்பியதற்காக யாரும் என்னை முட்டாள் என்று சொல்ல வேண்டாம். நான் மணந்துகொண்ட மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

உங்கள் தங்கையிடம் "விட்டுவிட்டு வா" என்றும் சொல்லாதீர்கள், "பொறுத்துப்போ" என்றும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் அவருக்காக எல்லாவற்றையும் முடிவு செய்கிறார். முதலில் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

தோ பாயோ முதியவர்:

இந்தச் சட்டம் மனைவிகளுக்கு மட்டுமே உரியது என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பெயரில் மாதர் என்று இருப்பதால் வரும் குழப்பம் அது. கணவன், பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார் எவரும் பாதுகாப்பு ஆணை கோரலாம். முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெரியவர், பணம் கேட்டுத் தன்னைத் தள்ளிவிடும் மகனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், கையில் இருந்த காயத்துக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று பலதுறை மருந்தகத்தில் மூன்று முறை காரணம் சொன்னார். மகனைச் சிறைக்கு அனுப்பாமலேயே ஆணை பெறலாம், மகன் ஆலோசனைக்குச் செல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும் என்று தெரிந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

செங்காங் அண்ணன்:

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஈசூன் கோயிலில் தங்கையைப் பார்த்தேன். மாப்பிள்ளை வாகனத்தை நிறுத்தப் போன பத்து நிமிடந்தான் கிடைத்தது. "அன்றைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து கடவுச்சீட்டின் நகலையும் திருமணச் சான்றிதழின் நகலையும் எடுத்து, "இதை உன்னிடம் வைத்துக்கொள், அண்ணா" என்று கொடுத்தாள். எவ்வளவு நாளாக அவற்றைச் சுமந்துகொண்டிருந்தாளோ தெரியவில்லை. உதவி எண்ணைத் தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். பையையும் சோதிப்பார் என்றாள். காலணி வைக்கும் இடத்துக்கு அருகில் நின்று, 1800, மூன்று ஏழு, நான்கு பூஜ்யம் என்று வாய்க்குள் நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அவர் வந்துவிட்டார்.