மொட்டைக் கப்பலாய்த் திருகோணமலைக்கு வந்தவள்: ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். போன மாதம் அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் இந்தப் பழைய பாய்மரக் கப்பலுக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். முப்பது வருஷம் பட்டறையில் இரும்போடு புழங்கியவர். பாய்மரங்களை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழ்த்தட்டுக்கு இறங்கி, தகடுகளில் வரிசை வரிசையாக இருந்த ரிவெட்டுகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். “முழுக்கத் தேனிரும்புடா” என்றார், அடித்து உருவாக்கும் பழைய காலத்து இரும்பு. 1863-ல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் ராம்சே ஊரில் கட்டியது. அப்போது பெயர் யூட்டர்பி, கிரேக்கரின் இசைத் தேவதை.

1871-க்குப் பிறகு கால் நூற்றாண்டு, பிழைப்புத் தேடி நியூசிலாந்து போன குடும்பங்களை ஏற்றிச் சென்றிருக்கிறது. உலகை 21 முறை சுற்றியிருக்கிறது. ஒரு பயணம் நூறு நாளைத் தாண்டும். அந்த இருட்டுத் தட்டில், கைக்குழந்தையோடு நூறு நாள்! அங்கே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

•

அண்ணை, நான் பிறந்தது திருகோணமலை, இப்ப டொரண்டோ. 2019-ல அந்தக் கப்பலுக்குப் போனனான். தட்டில கயிறு பின்னிக்கொண்டிருந்த தொண்டர் ஒருத்தர் எந்த ஊர் எண்டு கேட்டார். சொன்னதும் எழும்பி நிண்டிட்டார். “இந்தக் கப்பல் உங்கட ஊருக்கு வந்திருக்கு” எண்டார்.

1865-ல வங்காள விரிகுடாவில புயலில மாட்டி, கப்பலைக் காப்பாத்தப் பாய்மரங்களைத் தாங்களே வெட்டிக் கடலில விட்டவையாம். மொட்டைக் கப்பலாய்த் தட்டுத்தடுமாறித் திருகோணமலைக்கு வந்து, பிறகு கல்கத்தாவுக்குப் போய்த் திருத்தியிருக்கினம். கப்டன் ஸ்டோரி இங்கிலாந்து திரும்பேக்க வழியிலயே செத்துப்போனார், கடலிலதான் அடக்கம்.

வாடைக் காத்தோ சோளகக் காத்தோ, எங்கட உள்துறைமுகத்தில தண்ணி அடங்கித்தான் கிடக்கும். அந்த மாலுமிமார் கோணேசர் மலையைக் கண்ட நேரம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு நான் இப்பவும் நினைக்கிறனான். இரும்பில கை வைச்சன். கண் கலங்கிட்டுது.

•

முதல் பயணத்தை விட்டுவிட்டீர்களே! 1864-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பி, வேல்ஸ் கரையைத் தாண்டும் முன்பே ஒரு ஸ்பானியக் கப்பலோடு மோதல். மேற்கொண்டு வரமாட்டோம் என்ற மாலுமிகளில் 17 பேரைப் போமாரிஸ் சிறையில் கடுங்காவலில் போட்டார்கள். சேதமான கப்பலில் கடலுக்குப் போக மறுத்தது குற்றமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பார்த்தது அது பாய் விரித்து ஓடியதை. அலாஸ்காவிலிருந்து டின் மீன் ஏற்றிவந்த வேலை 1923-ல் முடிந்து, 1926-ல் 9,000 டாலருக்கு விலைபோய், பிறகு சான் டியேகோ வந்து, வெகுகாலம் கவனிப்பாரின்றித் துருவேறிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் பழுதுபார்த்து 1976-ல் மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்துப் படகில் இருந்தேன். இழுவைப் படகு கயிற்றை விட்டதும் பாய்கள் படபடத்தன, பிறகு காற்று நிரம்பி ஒரே அமைதி. இன்ஜின் சத்தமே இல்லாமல் அவ்வளவு இரும்பும் எங்களைக் கடந்து போனது.