ஆயாவின் பல்லில் கறை இல்லை

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் பிறந்த நான், இன்று அதே வட்டாரத்தின் குடிநீரைப் பற்றிப் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இந்தப் பாதையில் என்னைத் திருப்பியது என் ஆயா கேட்ட ஒரு கேள்வி.

எங்கள் வகுப்பில் பலருக்கு முன்பற்களில் பழுப்புக் கறை இருந்தது. சரியாகப் பல் துலக்காததால் வருவது என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, செங்கல் தூளும் அடுப்புச் சாம்பலும் வைத்து ஈறு புண்ணாகும்வரை தேய்த்திருக்கிறேன். ஒருநாள் அதைப் பார்த்த ஆயா, "நான் வேப்பங்குச்சியைத் தவிர வேற எதையும் கண்டதில்ல. எம் பல்லு வெள்ளையாத்தான இருக்குது? நான் வளந்தது கெணத்துத் தண்ணியில, நீ வளர்றது போர்த் தண்ணியில. அத யாராவது பாத்தாங்களா?" என்றார்.

அதற்கு விடை கிடைக்கக் கல்லூரியில் வேதியியல் படிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த கிணறுகள் வற்றியபின் கருங்கல்லைத் துளைத்து ஆழத்திலிருந்து எடுக்கும் நீர், பாறையின் கனிமங்களோடு நெடுங்காலம் கிடந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் எனாமல் கெடுகிறது. பிறகு எதை வைத்துத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. நீண்டகாலம் மிகுதியாகச் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த எலும்பு நோய் 1937ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னையில் பொதுச் சுகாதார முதுகலை படித்தபோது, களப்பணிக்குப் போன ஊரில் நான் ஒரு தவறு செய்தேன். வயிற்றுப்போக்கைத் தடுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடுவீடாகச் சொன்னேன். கிருமிக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் கொதித்தால் ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாகக் குறைய, மிஞ்சியதில் அதன் செறிவு கூடும். அந்த ஊர்த் தண்ணீரைச் சோதிக்காமலே பேசிய குற்றவுணர்வுதான் என்னை ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்தது. நேர்காணலில் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ஆயாவின் கேள்வியையே ஆய்வுக் கேள்வியாக முன்வைத்தேன்: ஒரு ஊரில் துளைக்கிணறு வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களின் பற்கள் எப்படி வேறுபடுகின்றன?

பற்கறையைத் தரம்பிரிக்க டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த குறியீட்டை இன்றும் பயன்படுத்துகிறோம். பயிற்சியின்போது கண்ணாடியில் என் பல்லையே முதலில் மதிப்பிட்டேன். 'மிதமானது' என்று வந்தது. பள்ளி நாள் முழுவதும் வாயைப் பொத்திச் சிரித்ததற்கு அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

ஜப்பான் நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபின் காவிரி நீர் எங்கள் பக்கம் வருகிறது. ஆனாலும் நான் போன சில வீடுகளில் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர்த் தண்ணீரையே எடுக்கிறார்கள். களி அத்தனை நீரையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். இதைக் கேட்காமல் விடும் கணக்கெடுப்பு அரைகுறைதான் என்பது என் உறுதியான கருத்து.

சென்ற மாதம் ஒரு தாய், தன் மூத்த மகளின் பல்லை நான் குறித்துக்கொண்டதும், "அளந்தா இது போயிருமா?" என்று கேட்டார். போகாது என்று உண்மையைச் சொன்னேன். இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கு நிலைப்பற்கள் இன்னும் ஈறுக்குள்தான் உருவாகிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொன்னேன். அவர் உள்ளே போய், அடுப்பில் வைத்திருந்த கஞ்சித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, காவிரி நீர் இருந்த குடத்திலிருந்து மொண்டு வைத்தார்.