ஒரே கிரெட்டாவுக்கு ஊருக்கொரு முகம்: நமக்கு வந்ததுதான் நல்லதா?

கேள்வி: மாந்தோப்பு, சித்தூர்

அனைவருக்கும் வணக்கம். மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் அனுப்புவது எங்கள் தொழில். பருவம் வந்துவிட்டால் பங்காருபாளையம், தாமலசெருவு என்று தோப்புத் தோப்பாக அலைய வேண்டியிருப்பதால், தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் வண்டியாக ஹூண்டாய் கிரெட்டா ஒன்றை எடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம். எஞ்சினைப் பற்றியோ விலையைப் பற்றியோ எனக்கு ஐயம் ஏதும் இல்லை. வீட்டில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் வண்டியின் முகத்தைப் பற்றியது.

என் மைத்துனர் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறார். அங்கே 2021 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்ட கிரெட்டாவின் படங்களை அவர் அனுப்பிய நாளிலிருந்து என் மகன் அதையே பேசிக்கொண்டிருக்கிறான். அந்த வண்டியில் பகலிலும் எரியும் முன்விளக்குகளான பகல் விளக்குகள் தனியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அணைந்திருக்கும்போது, முகப்பில் காற்று புகும் கிரில்லின் பட்டைகளோடு பட்டைகளாகக் கலந்திருந்து, எரியும்போது மட்டுமே விளக்கென்று காட்டிக்கொடுக்கின்றன. நம் நாட்டிலோ 2020 மார்ச்சில் வந்த முகமே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடியது. பிறகு 2024 ஜனவரி 16 அன்று வந்த புதுப்பிப்பில் இந்தோனேசிய முகத்தின் சாயலே இல்லை. சதுரமான கிரில், வண்டியின் அகலம் முழுவதும் ஓடும் ஒரே விளக்குப் பட்டை, பின்புறத்திலும் அதே போன்ற ஒரு பட்டை. என் மனைவிக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஒரே வண்டிக்கு நாட்டுக்கு நாடு முகத்தை மாற்றுவதற்குக் காரணம் என்ன? பத்தாண்டு வைத்திருக்கப் போகும் வண்டியில் எந்த முகம் சலிக்காமல் இருக்கும்? இங்கே வாங்கும் வண்டியில் அந்த இந்தோனேசிய முகப்பைப் பொருத்த முடியுமா என்றும் மகன் கேட்கச் சொல்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வரைபலகை, சத்தியவேடு

மாந்தோப்பு ஐயாவுக்கு வணக்கம். வாகனங்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில், பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சுகளான மோல்டுகளின் பிரிவில் வேலை செய்பவன் என்பதால், முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

ஒரு வண்டியை இடையில் புதுப்பிக்கும்போது கூரை, கதவுகள், அவற்றைத் தாங்கும் தூண்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். தகடு அடிக்கும் அச்சுகளான டைகளுக்கு ஆகும் செலவு ஒரு புறம் இருக்க, மோதலைத் தாங்கும் கட்டமைப்பையும் மறுபடி சோதித்தாக வேண்டும். பம்பர், கிரில், விளக்குகள் ஆகியவை அப்படியல்ல. மோல்டு மாறினால் முகம் மாறிவிடும். அதனால்தான் நாட்டுக்கு நாடு தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்சக்கரத்துக்குப் பின்னாலும் நின்றுவிடுகிறது. இந்தத் தலைமுறை முதலில் 2019இல் சீனாவில் ஐஎக்ஸ்25 என்ற பெயரில் ஒரு முகத்துடன் வந்தது. நமக்கு வந்தபோது கிரில் வேறாகிவிட்டது. 2021இல் ரஷ்யாவுக்கும் பிரேசிலுக்கும் சென்ற கிரெட்டாவுக்கு இன்னொரு முகம், அதே ஆண்டு இறுதியில் இந்தோனேசியாவுக்கு வேறொரு முகம்.

நம் வண்டி ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. இந்தோனேசிய வண்டி அந்நாட்டின் சிக்காராங்கிலும், பிரேசில் வண்டி பிரசிகாபாவிலும் தயாராயின. ஆலைக்கு ஆலை பாகங்கள் தரும் நிறுவனங்கள் வேறு, மோல்டுகள் வேறு, புதுப்பிக்கும் காலமும் வேறு. இங்கே பழைய முகத்துடனே வண்டி நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோது அவசரப்பட்டு முகத்தை மாற்றுவதற்கு எந்த நிறுவனமும் முன்வராது. இன்னொன்று, இது என் ஊகம்தான்: இந்தோனேசியாவில் அப்போது விற்றது 115 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மட்டுமே. நம் 2024 வண்டியின் முகப்பு அந்த எஞ்சினுக்கு மட்டுமல்லாமல், டீசல் எஞ்சினுக்கும் 160 குதிரைத்திறன் கொண்ட டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கும் போதிய காற்றை உள்ளே விட வேண்டும். டர்போ வைத்த எஞ்சினுக்கு, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்று இன்னொரு வாயும் சேர்ந்துகொள்கிறது அல்லவா? பட்டைகளை நெருக்கி அழகு பார்ப்பதற்கு அங்கே இருந்த இடம் இங்கே குறைவு.

அழகைப் பொறுத்தவரை நான் உங்கள் வீட்டு அம்மாவின் பக்கம். 1790 மில்லிமீட்டர் அகலமுள்ள வண்டியை அந்த ஒற்றை விளக்குப் பட்டை இன்னும் அகலமாகக் காட்டுகிறது. பானெட்டும் கிரில்லும் நிமிர்ந்து நிற்பதால், எஸ்யூவி என்று பணம் கொடுத்தவருக்கு எஸ்யூவி கிடைத்த நிறைவு இருக்கும். இந்தோனேசிய முகம் படத்தில் கவர்கிறது என்பது உண்மைதான். ஆனால் கிரில் எங்கே முடிகிறது, விளக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு முகத்தைப் பத்தாண்டு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பதில்: ஏகாம்பரகுப்பம், நகரி

வரைபலகை அண்ணன் ஆலைக் கணக்கைச் சொன்ன வரையில் எனக்கு மறுப்பில்லை. ரசனை என்று வரும்போதுதான் முழுமையாக மாறுபடுகிறேன்.

அகலம் முழுவதும் ஓடும் விளக்குப் பட்டை இப்போது யாரிடம் இல்லை? 2023 அக்டோபரில் வந்த டாடா ஹாரியரின் முன்புறத்தில் இருக்கிறது, அதற்கு முன்பே கியா செல்டோஸின் பின்புறத்தில் வந்துவிட்டது. தறிச் சரக்கு விஷயமாக நான் திருத்தணிக்கும் சென்னைக்கும் அடிக்கடி வண்டி ஓட்டிச் செல்பவள். இருட்டிய பிறகு எதிரில் வருவது எந்த நிறுவனத்தின் வண்டி என்று கிட்டே வரும்வரை சொல்ல முடிவதில்லை. எல்லோரும் வைத்துக்கொண்ட ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பழசாகும் என்பதால், பத்தாண்டுக் கணக்குப் பார்க்கும் மாந்தோப்பு அண்ணா அதை முதலில் யோசிக்க வேண்டும்.

இந்தியர்களுக்குச் சதுர முகம்தான் பிடிக்கும் என்று விற்பனையகங்களில் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. இதே நிறுவனம் 2022 ஜூனில் வென்யூவைப் புதுப்பித்தபோது கறுப்புக் குரோமில் பட்டை வெட்டிய கிரில்லைத்தானே கொடுத்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த டூசானில், இந்தோனேசிய கிரெட்டாவில் உள்ளதுபோலக் கிரில்லுக்குள் மறைந்துகொள்ளும் விளக்குகளே இருந்தன. ஆக, இந்த நாட்டுச் சாலைக்கு அது ஒவ்வாது என்பதெல்லாம் இல்லை. டூசான் அறிமுக விலையே 27 லட்சத்துக்கு மேல். அதன் முகத்தைப் 2024இல் பதினொரு லட்சத்தில் தொடங்கிய வண்டிக்கும் கொடுத்துவிட்டால், அவ்வளவு பணம் போட்டவருக்கு என்ன தனிச்சிறப்பு மிஞ்சும்? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

பின்புறத்தை மட்டும் இங்கே திருத்தியது நல்லதாயிற்று. 2020 வண்டியின் பின்விளக்கு அமைப்பைப் பாராட்டிய ஒருவரையாவது நான் சந்தித்ததில்லை.

பதில்: கருங்கல், குப்பம்

முகத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் பேசுகிறார்கள், கழுவுபவர்களை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் கருங்கல் லாரிகளின் பின்னால் பாதி நாள் ஓடும் வண்டிக்கு மாலையில் ஒரு பூச்சு வெள்ளைத் தூள் ஏறியிருக்கும். தட்டையான கிரில்லாக இருந்தால் ஈரத்துணியால் ஓர் இழுப்பில் போய்விடும். வைரப் பட்டை போல வெட்டிய கிரில்லில் ஒவ்வொரு குழியின் மூலையிலும் அந்தத் தூள் தங்கி, அதன்மேல் இரவுப் பூச்சிகள் அடித்துக் காய்ந்து, பல் துலக்கும் பிரஷ் எடுத்துக் குடைந்தால்தான் வெளிவரும். உறவினர் ஒருவரின் வென்யூவைக் கழுவிய அனுபவத்தில் சொல்கிறேன். மாந்தோப்புக்காரர் பருவம் முழுவதும் செம்மண் பாதையில் ஓட்டப் போகிறவர் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இந்த முகங்கள் எல்லாவற்றிலும் பகல் விளக்கு மேலே இருக்க, உண்மையான ஹெட்லைட் கீழே பம்பரின் மூலைக்கு இறங்கிவிட்டது. தாழ்ஒளி (லோ பீம்) விளக்கு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1200 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பதே விதி என்பதால், அப்படி இறக்குவதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் பம்பரின் மூலைதான் கடைத்தெருவில் முதலில் அடிபடும் இடம். பால் கேன் தொங்கிய மொபெட் ஒன்று எங்கள் 2021 கிரெட்டாவை உரசிச் சென்றபோது பம்பரில் ஒரு கோடுதான் விழுந்தது. ஆனால் விளக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. கொக்கி மட்டும் தனியாகக் கிடைக்காது, விளக்கையே மாற்ற வேண்டும் என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். இந்தோனேசிய முகமா இந்திய முகமா என்பதில் இந்தச் செலவு மாறப்போவதில்லை.

அதனால்தான் அடுத்த வண்டியாக செல்டோஸ் எடுத்தோம். ஹெட்லைட் பழைய முறைப்படி மேலேயே இருக்கிறது. நம் ஆந்திரத்திலேயே பெனுகொண்டாவுக்கு அருகில் தயாராகும் வண்டி என்பதில் ஒரு சிறு பெருமையும் உண்டு. அதிலும் இந்த ஊருக்கொரு உருவக் கதை நடந்திருக்கிறது: கொரியாவில் 2022இல் புதுப்பித்தது இங்கே 2023 ஜூலையில்தான் வந்தது. அங்கே நீளம் 4390 மில்லிமீட்டர், இங்கே 4365; பம்பரும் வேறு. ஆனால் முகத்தின் அடிப்படை ஒன்றாகவே இருப்பதால் யாரும் சண்டை போடவில்லை.

பதில்: எல்லைக்கோடு, புத்தூர்

முகப்பை மாற்றிப் பொருத்தலாமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். காப்பீட்டு ஆய்வு வேலையில் இருப்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

வேண்டாம் என்பதே என் பதில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். குரோம் பட்டை ஒட்டுவதற்கு யாரும் உங்களைச் சாலையில் நிறுத்தப் போவதில்லை. விளக்கு அப்படியன்று; அது ஒப்புதல் பெற்ற பாகம்.

இந்தோனேசியாவும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அந்த விளக்கின் ஒளி சரியான பக்கம்தான் விழும். உங்கள் மகன் ஒருவேளை ரஷ்ய முகப்பையோ பிரேசில் முகப்பையோ கண்டு ஆசைப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்: வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு, தாழ்ஒளியிலும் எதிரே வருபவரின் கண்ணை நோக்கியே உயரும். மொகிலி மலைப்பாதையில் இரவில் அப்படியொரு வண்டி எதிரே வந்தால் என்ன ஆகும் என்று சித்தூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2024 கிரெட்டாவின் உயர்விலை வகைகளில் ஓட்டுநருக்கு உதவும் முன்பக்க ரேடாரும் இருக்கிறது. அதற்காக வடிவமைக்காத ஒரு முகப்பைக் கொண்டுவந்து மாட்டினால் ரேடார் சரியாக வேலை செய்யும் என்பதற்கு யார் பொறுப்பேற்பார்கள்? விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் இதையெல்லாம் எழுதுபவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

பதில்: மாந்தோப்பு, சித்தூர்

அனைவருக்கும் நன்றி. எல்லைக்கோடு எழுதியதை மகனிடம் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். முகப்பு மாற்றும் பேச்சு அத்துடன் நின்றது. ஹெட்லைட் மூலையில் இருப்பதைப் பற்றி இதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. தோப்புக்குள் வேலிக் கற்களுக்கு நடுவே திருப்பும்போது முதலில் இடிக்கப் போவது அதுதான் என்பதால், கருங்கல் ஐயா சொன்ன செல்டோஸையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

இப்போது மகன் வேறொரு வழி சொல்கிறான். 2024 மார்ச்சில் வந்த கிரெட்டா ‘என் லைன்’ (N Line) வகையின் பம்பரும் கிரில்லும் வேறாக இருப்பதால், நிறுவனமே கொடுத்த மாற்று முகமாக அதையே எடுக்கலாம் என்கிறான். டர்போ பெட்ரோல் மட்டும்தான் என்பது எனக்கு இடிக்கிறது. எங்கள் ஓட்டத்துக்கு டீசல்தான் கட்டுப்படியாகும். திருப்பதியில் இரண்டு கிரெட்டாக்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்த பிறகுதான் முடிவு.

பதில்: ஏகாம்பரகுப்பம், நகரி

பாருங்கள் அண்ணா, ஆனால் கண்ணாடிக் கூடத்தின் விளக்கொளியில் பார்க்காமல், வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். கறுப்புக் குரோம் உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறொன்றாகவும் தெரியும். டீசல்தான் வேண்டுமென்றால் என் லைனை மறந்துவிடுங்கள். சாதாரண கிரெட்டாவை எடுத்தால் அடர்ந்த நிறத்தில் எடுங்கள், அந்தச் சதுர வாய் கொஞ்சம் அடங்கித் தெரியும். வரைபலகை அண்ணன் என்ன கணக்குச் சொன்னாலும் எனக்கு இந்தோனேசிய முகம்தான்.