சேஸ் கவுன்ட்டி, கேன்சஸ்: கோர்ட்ஹவுஸை 'நீதிமன்றம்' என்று எழுதலாமா?

எழுத்தாணி:
அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துச் சேஸ் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) பற்றித் தமிழில் கட்டுரை தயாரிக்கிறேன். 2020 கணக்கெடுப்பில் அங்கே மொத்தமே 2,572 பேர். காட்டன்வுட் ஃபால்ஸில் உள்ள பழைய கோர்ட்ஹவுஸை 'நீதிமன்றம்' என்று எழுதினால் போதுமா? கவுன்ட்டிக்குத் தலைவர் யார்? 1880களின் நிலப் பத்திரம் ஒன்றைச் சரிபார்க்க எந்த அலுவலகத்தைக் கேட்பது?

ஆவணக்காரர்:
'நீதிமன்றம்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். நிர்வாகமும் நீதியும் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் அங்கே வழக்கம். 'கவுன்ட்டி மாளிகை' என்று எழுதி, நீதிமன்றமும் அதில் உண்டு என்று சேருங்கள்.

நம்மூர்க் கலெக்டரைப் போல மேலிருந்து நியமிக்கப்படும் தலைவர் கிடையாது. மூன்று கமிஷனர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்; பட்ஜெட், சாலை, வரி விகிதம் எல்லாம் அவர்கள் கையில். ஆனால் கிளார்க், ட்ரஷரர் (கருவூலர்), ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் (பத்திரப் பதிவாளர்), ஷெரிஃப் (காவல் தலைவர்), கவுன்ட்டி அட்டர்னி (அரசு வழக்கறிஞர்) ஆகியோரும் மக்கள் ஓட்டில் வருபவர்கள். கமிஷனர்கள் அவர்களைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. வாகன நம்பர் பிளேட்டை ட்ரஷரர் தருவார், தேர்தலைக் கிளார்க் நடத்துவார்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: கவுன்ட்டி கிளார்க் வேறு, மாவட்ட நீதிமன்றக் கிளார்க் வேறு. இரண்டாமவர் மாநில நீதித்துறையைச் சேர்ந்தவர். வழக்கு, உயில் விவகாரங்களுக்கு அவரிடம் போகவேண்டும். நிலப் பத்திரத்துக்கு ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என இரண்டு அட்டவணைகளையும் பாருங்கள். முதல் உரிமையாளருக்கு மத்திய அரசு கொடுத்த பட்டா என்றால், அதன் மூலப் பதிவைக் கூட்டாட்சி நில நிர்வாகப் பணியகத்தில் தேடவேண்டும்.

கல்தச்சன்:
கட்டடத்தைப் பற்றி: 1871இல் தொடங்கி 1873இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஜான் ஜி. ஹாஸ்கெல், மாநிலத் தலைமைச் செயலக மாளிகையிலும் அவர் பங்கு உண்டு. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் சுவர், மேலே பிரெஞ்சுப் பாணி மேன்சார்ட் கூரை (கீழ்ப்பகுதி செங்குத்தாகச் சரியும் கூரை), கடிகாரக் கோபுரம். உள்ளே கறுப்பு வால்நட் மரத்தில் சுழன்று ஏறும் படிக்கட்டு. இன்றுவரை இடைவிடாமல் பயன்பாட்டில் இருப்பவற்றில் கேன்சஸிலேயே பழைய கோர்ட்ஹவுஸ் இதுதான்.

இப்படிப்பட்ட சுவருக்குக் கேடு பெரும்பாலும் 'பழுதுபார்ப்பதில்'தான் வரும். கல் இடுக்கில் சிமென்ட் பூசினால் அது கல்லைவிடக் கடினமாகிவிடும். உள்ளே போன ஈரம் இடுக்கு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வெளியேறும்; குளிர்காலத்தில் உறையும்போது கல்முகம் செதில் செதிலாக உரியும். சுண்ணாம்புக் காரைதான் சரி. மேன்சார்ட் கூரையில் இலை அடைத்த வடிகாலையும் முதலில் கவனிக்கவேண்டும்.

புல்வெளி:
நிலத்தையும் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் சிக்கிமுக்கிக் கல் விரவிக் கிடக்கிறது, மேல்மண் மெல்லியது. கலப்பை இறங்காது. அதனால்தான் உயர்புல் வெளி உழப்படாமல் தப்பியது. மேய்ச்சலே தொழிலானது, மக்களும் குறைவு. வசந்தகாலத்தில் புல்லுக்குத் தீ வைப்பது அழிவு அல்ல, பராமரிப்பு: சிடார் மரக் கன்றுகள் கருகும், புதுப்புல் தழைக்கும். 1996இல் ஏற்பட்ட டால்கிராஸ் தேசியக் காப்பகம் 10,894 ஏக்கர்.

எழுத்தாணி:
நன்றி. பத்திரத்தில் 'தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால், செக்‌ஷன் 12, டவுன்ஷிப் 19 தெற்கு, ரேஞ்ச் 8 கிழக்கு' என்று இருக்கிறது. எத்தனை ஏக்கர்?

ஆவணக்காரர்:
பின்னாலிருந்து படியுங்கள். ரேஞ்ச் என்பது நில அளவைக்கு அடிப்படையான ஆறாவது முதன்மை நெடுங்கோட்டிலிருந்து கிழக்கே எண்ணுவது. டவுன்ஷிப் என்பது 40ஆம் அட்சக்கோட்டிலிருந்து, அதாவது நெப்ராஸ்கா எல்லையிலிருந்து, தெற்கே. ஒவ்வொன்றும் 6 மைல் அகலம். ரேஞ்சும் டவுன்ஷிப்பும் சந்திக்கும் சதுரத்தில் 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். தென்மேற்குக் கால் 160. அதில் வடகிழக்குக் கால் 40. உங்கள் நிலம் 40 ஏக்கர்.

எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், உழவு சால் போல. ஆகவே 12 இருப்பது 1-க்கு நேர் கீழே. 7 இருக்கும் மேற்கு ஓரத்தில் தேடாதீர்கள். பஸார், மாட்ஃபீல்ட் போன்ற நிர்வாக டவுன்ஷிப்புகளுக்கும் (கவுன்ட்டியின் உட்பிரிவுகள்) இந்த அளவை எண்ணுக்கும் தொடர்பில்லை.